கூடத்து ஊஞ்சல்: பழைய தேக்குச் சட்டங்களில் ஐந்தடிப் பலகை - ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட இடம் சென்னையில், கட்டி முடித்துக் குடியிருக்கும் ஒரு வீட்டின் கூடம். 12 அடிக்கு 16 அடி. தரையிலிருந்து தளம் 10 அடி. நீளவாக்கின் நடுவில் 9 அங்குல அகல கான்கிரீட் பீம் ஒன்று குறுக்கே போகிறது. அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து 2,750 மி.மீ. வீட்டார் கேட்டது மூன்று பேர் உட்காரும் ஊஞ்சல், ஒருவர் தாராளமாகச் சம்மணம் போடும் அகலத்தில். மரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது: இடித்த மெட்ராஸ் டெரஸ் வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய தேக்குச் சட்டங்கள். கூடத்தில் இரவில் ஏ.சி. ஓடும், பகலில் ஜன்னல் திறந்திருக்கும். இந்தக் கடைசித் தகவலை யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் பலகையின் பாதி வடிவமைப்பு அதில்தான் இருக்கிறது.

ஊஞ்சல் என்றதும் முதலில் எழும் பேச்சு தடிமனைப் பற்றியது. ‘ரெண்டு அங்குலமாவது வேணும், இல்லேன்னா தாங்காது’ என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஊஞ்சல் பலகை நடுவில் ஒடிந்து விழுவது அபூர்வம். கெடுவது மூன்று இடங்களில்: தொங்குகம்பி நுழையும் துளையை ஒட்டி நார்வாக்கில் விரிசல் விடும், பலகை அகலவாக்கில் குழிந்துகொள்ளும், மேலே கொக்கி தளரும். மூன்றிலும் தடிமன் கூடினால் பயன் மிகக் குறைவு. ஆகவே இந்த ஊஞ்சலை மேலிருந்து கீழாக வடிவமைத்தோம்: முதலில் பீம், பிறகு தொங்குகம்பி, கடைசியில்தான் பலகை.

எடைக் கணக்கு

75 கிலோ வீதம் மூன்று பேர் 225 கிலோ. பலகையும் அடிச்சட்டங்களும் 28 கிலோ, கம்பி, வளையம், பித்தளை எல்லாம் சேர்ந்து 12 கிலோ. மொத்தம் 265. இது அசையாமல் நிற்கும்போது. ஆடும்போது ஊஞ்சல் கீழ்ப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் இழுவை கூடுகிறது. 30 பாகை வரை ஆடினால் 1.27 மடங்கு, 45 பாகை என்றால் 1.59 மடங்கு. பெரியவர்கள் 20 பாகைக்கு மேல் ஆடுவதில்லை. பிள்ளைகள் ஆடுவார்கள், நின்றும் ஆடுவார்கள். எனவே 45 பாகையை வைத்து 420 கிலோ என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு கொக்கியும் சமமாகச் சுமக்கும் என்று நம்பக் கூடாது. இருவர் ஒரே ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், அதாவது 270 முதல் 280 கிலோ. நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தால் ஒவ்வொரு கொக்கியும் 1,100 கிலோ தாங்க வேண்டும்.

பக்கவாட்டு இழுப்பும் உண்டு. 30 பாகை ஆட்டத்தின் உச்சியில் மொத்த எடையில் 43 சதவீதம், சுமார் 115 கிலோ, கிடைமட்டமாகப் பீமை இழுக்கிறது. அடுத்த ஒன்றரை விநாடியில் எதிர்ப்பக்கம். கொக்கியைத் தளர்த்துவது இந்த மாறி மாறி வரும் இழுப்புதான்.

பீமில் பிடிப்பு

வீடு கட்டும்போதே சொல்லியிருந்தால் வேலை எளிது. 16 மி.மீ. கம்பியை வளைத்து, பீமின் அடிக்கம்பிகளுக்கு மேலே சுற்றிக் கட்டி, வளையம் மட்டும் வெளியே தெரியும்படி கான்கிரீட் போட்டுவிடலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. கடையில் கிடைக்கும் விரியும் ஆங்கர் போல்ட்டைக் கீழிருந்து மேலாகத் துளையில் செருகி, அதில் ஊஞ்சலைத் தொங்கவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை ஏற்கவே முடியாது. அந்த போல்ட் நேர் இழுவையில் உராய்வை மட்டும் நம்பி நிற்கிறது. இழுவை திசை மாறிக்கொண்டே இருந்தால் துளையின் வாய் தேய்ந்து, பிடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

அதற்குப் பதில் பீமின் இரு பக்கமும் 10 மி.மீ. இரும்புத் தகடு, அடியில் அவற்றை இணைக்கும் தகடு, ஆக பீமைத் தழுவும் ஒரு லாடம். பீமின் குறுக்கே ஊடுருவிப் போகும் 16 மி.மீ. போல்ட் இரண்டு அதைப் பிடிக்கும். இப்போது சுமை போல்ட்டின் குறுக்கே விழுகிறது. போல்ட் உருவிக்கொண்டு வரும் பேச்சே இல்லை. துளைகள் பீமின் அடியிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். அதற்குக் கீழே போனால் அடிக்கம்பியில் இடிக்கும். வளையக்கம்பிகள் (பீமின் நீளக்கம்பிகளைச் சுற்றிக் கட்டியவை) எங்கே இருக்கின்றன என்று கம்பி கண்டறியும் கருவியால் பார்த்து, சாக்பீஸால் குறித்த பிறகே டிரில் தொடலாம். பீம் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் கைக்கணிப்பு இதற்குப் போதாது. நட்டுகள் இரட்டை, நடுவே ஸ்பிரிங் வாஷர்.

லாடத்தின் அடியில் பேரிங் கூடு. 6204 எண் பேரிங், இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது. அசையாச் சுமையில் சுமார் 650 கிலோ அதன் அளவு (இது உடையும் எல்லை அல்ல, குண்டுகள் தடத்தில் குழி பதிக்கத் தொடங்கும் எல்லை), நமக்கு வருவது 280. பேரிங் இல்லாமல் வளையத்தோடு வளையம் உரசினால் கிரீச் சத்தம் வரும். சத்தம் வந்தால் எண்ணெய் விடுவார்கள். எண்ணெயில் தூசி ஒட்டி அரம் போல ராவும். பேரிங்கிலும் ஒரு குறை உண்டு. அது முழுச் சுற்று சுற்றுவதில்லை, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக அசைவதால் குண்டுகள் ஒரே தடத்தில் குழி விழுத்தும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கால் சுற்று திருப்பி மாட்டினால் போதும்.

இரண்டு கொக்கியா, நான்கா?

நான்கு மூலைக்கு நான்கு தனிக் கொக்கி வைத்தால் பலகை ஆடும்போதும் மட்டமாகவே இருக்கும். பார்வைக்கு நன்று. ஆனால் நான்கு கம்பிகளில் ஒன்று 3 மி.மீ. கூடினாலும் அது தொய்ந்துவிடும். எஞ்சிய மூன்றும் சுமப்பதால் ஆட்டத்தில் ஒரு ‘டக்’ ஓசை வரும், பலகைக்கும் முறுக்கு ஏறும். ஒவ்வொரு கம்பியிலும் நீளம் திருத்தும் திருகு வைத்தே ஆக வேண்டும். இரண்டு கொக்கி முறையில், ஒவ்வொரு பக்கத்திலும் முன்கம்பியும் பின்கம்பியும் மேலே ஒரே பேரிங்கில் கூடுகின்றன. நீளத்தில் சிறு பிசகு இருந்தால் பலகை ஒரு பக்கம் கடுகளவு முன்னே நிற்கும், அவ்வளவுதான். நான்கு கம்பியும் விறைப்பாகவே இருக்கும். பலகையும் ஆட்டத்தோடு சாய்வதால் உட்கார்ந்தவர் முன்னே வழுக்க மாட்டார். ஓரத்தில் உட்கார்ந்தால் மூன்று நான்கு பாகை சாயும், அது தொந்தரவு தருவதில்லை. இந்த வீட்டுக்கு இரண்டு கொக்கிதான். இடைவெளி 1,200 மி.மீ., கீழே பலகையில் கம்பிகள் நிற்கும் இடைவெளியும் அதே.

பேரிங்கிலிருந்து இருக்கை வரை 2.2 மீட்டர். 20 பாகை ஆட்டத்தில் பலகை முன்னே 75 செ.மீ. போகும், 13 செ.மீ. உயரும். பலகையின் பாதி அகலம் 30, நீட்டிய கால் 50 என்று கூட்டினால் முன்பக்கம் 1.55 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும், பின்பக்கம் 1.35 போதும். கூடத்தின் 16 அடி இதற்குத் தாராளம். ஒரு ஆட்டம் போய்வர ஏறத்தாழ மூன்று விநாடி. கம்பி நீளமாக நீளமாக ஆட்டம் நிதானமாகும். பழைய வீட்டு முற்றத்து ஊஞ்சலில் இருந்த சுகத்துக்குக் காரணம் உயரமான கூரை.

கம்பி 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு. யானை, மயில் வைத்த பித்தளை வார்ப்புகள் அழகுக்கு அதன்மேல் கோத்தவை. வார்ப்புப் பித்தளையையே சுமை தாங்கும் கண்ணியாக விடக் கூடாது. வார்ப்புக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் வெளியே தெரியாது, உடையும்போது நெளியாமல் சட்டென்று உடையும்.

மரம்

மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருப்பார்கள். இடிக்கும்போது இறங்கும் இந்தச் சட்டங்களில் வைரம் பாய்ந்த நல்ல மரம் கிடைக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, பழைய பர்மாத் தேக்கு வேண்டுமென்றால் இப்படி இறங்கும் மரத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. எடுத்தது மூன்று சட்டம்: 5 அங்குலத்துக்கு இரண்டரை, நீளம் 11 அடி. மூன்றும் சேர்ந்து 2.86 கன அடி. ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தால் ஐந்தரை அடியில் ஆறு துண்டு. வேண்டியது ஐந்து, ஒன்று மாற்று. மாற்றுத் துண்டு இல்லாமல் பழைய மரத்தில் இறங்கக் கூடாது. சுவருக்குள் புதைந்திருந்த முனையில் கரையான் அரித்த குழல் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பது அறுத்தால்தான் தெரியும்.

ஆணி தேடுவது பொறுமையான வேலை. காந்தத்தை மெதுவாக நகர்த்த வேண்டும். தலை உடைந்து உள்ளே தங்கிய ஆணியின் மேல் கருப்பு வளையம் ஒன்று தெரியும், அது நல்ல அடையாளம். காரை ஒட்டிய முகத்தை முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, பழைய இழைப்புளி அலகால் முதல் சீவல் எடுப்பது சரி. சுண்ணாம்பும் மணலும் கூர்மையான அலகை ஒரே இழைப்பில் மழுக்கிவிடும்.

அறுத்த துண்டுகள் இரண்டு வாரம் அதே கூடத்தில், இடையில் ரீப்பர் வைத்து அடுக்கிக் கிடக்க வேண்டும். ‘நூறு வருஷ மரம், இனி என்ன அசையப் போகுது’ என்பது தவறான நம்பிக்கை. மரத்தின் வயது எதுவானாலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். சென்னைக் காற்றில் தேக்கின் ஈரம் 13 சதவீதத்தை ஒட்டி நிற்கும், ஏ.சி. அறையில் 9 வரை இறங்கும். நான்கு சதவீத வித்தியாசம். தட்டையாக அறுத்த தேக்கு, அதாவது வளையங்கள் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும் மரம், ஒரு சதவீதத்துக்கு அகலத்தில் 0.00186 பங்கு மாறுகிறது. 600 மி.மீ. பலகைக்குக் கணக்குப் போட்டால் நாலரை மி.மீ. ஆரவாக்கில், வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, அறுத்த மரமென்றால் இது இரண்டரைக்கும் கீழே. அதனால் துண்டுகளின் முனையில் வளையங்களைப் பார்த்து, வளையம் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் துண்டுகளை முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் வைத்தோம். ஓரம்தான் முதலில் நெளியும்.

தடிமன்

முடிந்த அளவு: நீளம் 1,500, அகலம் 600, தடிமன் 45 மி.மீ. கம்பிகள் ஒவ்வொரு முனையிலிருந்தும் 150 மி.மீ. உள்ளே. ஆட்டத்தின் கூடுதலையும் சேர்த்து 360 கிலோ பரவலாக விழும்போது பலகையில் உண்டாகும் வளைவுத் தகைவு (வளையும்போது மரத்துக்குள் எழும் விசை) ஒரு சதுர மி.மீ.க்கு 2.6 நியூட்டன், தேக்கு இதைப் போல் பல மடங்கு தாங்கும். நடுவில் தொய்வு 1.7 மி.மீ. தடிமனை 32 ஆக்கினால் தொய்வு ஐந்தை ஒட்டும், 25 என்றால் பத்தைத் தாண்டும். 25-லும் உடையாது, ஆனால் உட்கார்ந்தவருக்கு அமுங்குவது தெரியும், மனம் ஒப்பாது. 45 வைத்தது விறைப்புக்காகவும் திருகுக்குப் பிடிமானம் கிடைப்பதற்காகவும். 60 ஆக்கினால் எடை 9 கிலோ கூடுவதைத் தவிர ஆதாயம் இல்லை.

கம்பியும் பலகையும் சேரும் இடம்

இந்த வேலையில் அதிக நேரம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வழக்கமாக, பலகையில் துளை போட்டு, போல்ட்டை இறக்கி, கீழே வாஷரும் நட்டும் வைத்து இறுக்கிவிடுவார்கள். பலகை குழியாமல் இருக்க அடியில் குறுக்குச் சட்டம் ஒன்றையும் பசை போட்டுத் திருகிவிடுவார்கள். குறுக்குச் சட்டம் தன் நீளவாக்கில் அசையாது. பலகை அகலவாக்கில் அசையும். முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையே 450 மி.மீ. அதில் வரும் மாற்றம் 3.3 மி.மீ. போக வழியில்லாததால், ஏ.சி. ஓடும் கோடையில் பலகை சுருங்க முயன்று துளையிலிருந்து முனை வரை நார்வாக்கில் வெடிக்கிறது. ‘மரம் சரியில்லை’ என்று மரத்தின்மேல் பழி போடுவார்கள்.

இங்கே சுமையைப் பலகையிடமிருந்து பிரித்துக் குறுக்குச் சட்டத்திடம் கொடுத்தோம். சட்டம் 550 மி.மீ. நீளம், 60 அகலம், 45 உயரம், கணு இல்லாத நேர் நார். பக்கத்துக்கு ஒன்று. கண் போல்ட் (தலையில் வளையம் உள்ளது) 12 மி.மீ., தண்டு 130 மி.மீ. சட்டத்தில் அதற்கு 13 மி.மீ. வட்டத் துளை, அடியில் 50 மி.மீ. சதுர, 5 மி.மீ. தடித்த வாஷர், இரட்டை நட்டு. பலகையிலோ வட்டத் துளை கிடையாது. 20 மி.மீ. அகலமும் 26 மி.மீ. நீளமும் கொண்ட நீள்துளை, நீளப்பக்கம் பலகையின் அகலவாக்கில். போல்ட்டின்மேல் 18 மி.மீ. வெளிவிட்டமும் 46 மி.மீ. உயரமும் உள்ள எஃகுக் குழாய்த் துண்டு ஒன்று. உயரம் பலகையைவிட ஒரு மி.மீ. கூடுதல் என்பதைக் கவனிக்க வேண்டும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் குழாய் வழியே சட்டத்துக்கே போகும், பலகையை நசுக்காது. குழாயின் தலையில் 45 மி.மீ. பித்தளைப் பூத்தட்டு நீள்துளையை மூடிவிடும். பலகை இந்த அமைப்பில் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் தாராளமாக அசைகிறது.

பலகையைச் சட்டத்தோடு பிடிக்க ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்து திருகு. நடுத்திருகு மட்டும் வட்டத் துளையில் இறுக்கமாக. மற்ற நான்கும் 5-க்கு 10 மி.மீ. நீள்துளையில் வாஷரோடு. திருகை மெழுகில் தேய்த்து ஏற்றி, முழுக்க இறுகியதும் கால் சுற்று திருப்பித் தளர்த்த வேண்டும். பசை ஒரு சொட்டும் கூடாது. ஒட்டுப் போடுகிறவரின் கை பழக்கத்தில் பசைப் புட்டியைத் தேடிப் போகும். பக்கத்திலேயே நிற்பது நல்லது.

ஒட்டு

ஐந்து துண்டின் பக்கங்களையும் இழைத்த அன்றே ஒட்ட வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த முகத்தை விட்டுவைத்தால் எண்ணெய் மேலே வந்து பசை பிடிக்காது. ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் பழுப்பு ஏறுவது குறையும்வரை துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டால் போதும். பசை எபாக்ஸி. நான்கு ஒட்டுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பு; 100 கிராம் கலந்தால் மிச்சமே வரும். பக்கங்களை இழைக்கும்போது நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு குழிவு விட்டால், கிளாம்ப் இறுக்கியபின் முனைகள் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். முனைதான் முதலில் உலரும், முதலில் விடும். கிளாம்ப் 25 செ.மீ.க்கு ஒன்று, ஒன்று மேலே அடுத்தது கீழே. எபாக்ஸிக்கு அதிக இறுக்கம் ஆகாது. பசை முழுக்கப் பிதுங்கிவிட்டால் ஒட்டு வறண்டுபோகும். வரி முழுக்க முத்து முத்தாக எட்டிப்பார்த்தால் சரியான அளவு.

மறுநாள் இரண்டு நேரான சட்டங்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்போடு மற்றது பொருந்துகிறதா என்று கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை தூக்கியிருந்தால் முறுக்கு இருக்கிறது. இப்போதே இழைத்து எடுக்கலாம், சட்டம் பூட்டியபின் முடியாது.

முன்விளிம்பு 12 மி.மீ. ஆரத்தில் உருட்டியது. தொடையின் பின்புறம் படும் இடம் இது. கூராக இருந்தால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். பின்விளிம்புக்கு 6 மி.மீ. போதும். அடிவிளிம்பையும் உருட்ட மறக்கக் கூடாது, பலகையைப் பிடித்துத் தள்ளும் விரல்கள் அங்கேதான் படும்.

பூச்சு

ஆளி எண்ணெயும் மெழுகும். எண்ணெய்க்குமுன் தின்னரில் ஒருமுறை துடைக்க வேண்டும், தேக்கின் சொந்த எண்ணெய் பூச்சை உலரவிடாமல் இழுத்தடிக்கும். மெல்லிய மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு முழு நாள். மேலே எத்தனை கை பூசினோமோ அத்தனை கை அடியிலும். அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை குழியும். நீள்துளையின் உட்சுவருக்கும் முனைகளுக்கும் இரட்டைப் பங்கு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்து உலர்த்த வேண்டும். பாலியூரித்தேன் பூச்சு பளபளப்பாகத் தெரியும், ஆனால் பித்தளைத் தட்டுகளுக்கு அடியில் பலகை அசையும் இடத்தில் அது உரிந்து வெள்ளைத் திட்டு விழுகிறது; திட்டை மட்டும் சரிசெய்ய முடியாது, மொத்தமும் சுரண்ட வேண்டும்.

மாட்டுவது, சோதிப்பது

ஆள் உட்காருமுன் மூட்டை உட்கார வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை எட்டு, பழைய ஜமுக்காளம் விரித்து அதன்மேல். பலகைக்கு அடியில் செங்கல் அடுக்கி ஓர் அங்குல இடைவெளி மட்டும் விட்டால், ஏதாவது நழுவினாலும் சேதமில்லை. ஓர் இரவு. காலையில் பார்க்க வேண்டியவை: லாடத்தின் ஓரத்தில் பீமின் பூச்சில் புதிய மயிரிழை விரிசல், போல்ட் துளையைச் சுற்றி உதிர்ந்த தூள், குறுக்குச் சட்டத்தில் வாஷர் அமுங்கிய தடம். பூச்சில் மட்டும் விரிசல் என்றால் தட்டி எடுத்து உள்ளே கான்கிரீட்டைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டிலும் தொடர்ந்தால் மூட்டையை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். பிறகு நான்கு மூட்டையை ஒரே ஓரத்துக்கு நகர்த்தி ஒரு மணி நேரம். எல்லாம் சரியென்றால் இருக்கை உயரம் 440 மி.மீ. இருக்கிறதா என்று நான்கு மூலையிலும் அளந்து முடிக்கலாம்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, அடுத்த கோடை முடிந்ததும் ஒருமுறை பூத்தட்டைத் தூக்கி, குழாய் நீள்துளைக்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இருபுறமும் இடம் இருந்தால் பலகை போய்வருகிறது. ஒரு சுவரில் ஒட்டி நின்றால் அந்தப் பக்கத்தை வட்ட அரத்தால் 2 மி.மீ. விரிக்க வேண்டும். வளையங்கள் உரசும் இடத்தில் கம்பியின் தடிமனைக் காலிப்பரில் அளந்து, பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். பற்றவைத்து நிரப்புவது கூடாது. லாடத்தின் நட்டுகளில் பெயிண்ட்டால் ஒரு கோடு, நட்டிலிருந்து தகடு வரை நேராக, இழுத்துவைத்தால் தளர்ந்தது கீழே நின்று பார்த்தாலே தெரியும்.